ஆளில்லாத காட்சி

திரையில் மெழுகுவர்த்தி படியிறங்கத் தொடங்கியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

படத்தைப் பார்ப்பதற்காக அவர் வரவில்லை.

கேட்பதற்காக வந்திருந்தார்.

இன்னும் மூன்று நிமிடங்களில் அந்தப் பாழ்மாளிகையின் பேய் கதாநாயகனைப் பின்னாலிருந்து அழைக்கும். திரையில் அசையும் வெள்ளைச் சேலைக்குள் இருப்பவள் யாரோ ஒரு நடிகை. குரல் மட்டும் அவருடைய மனைவி கோமளாவுடையது.

பம்பாயில் குடியிருந்த காலத்தில் அவள் இந்திப் பேய்ப்படங்களுக்குக் குரல் கொடுத்தாள். முனகல், விசும்பல், சிரிப்பு, அலறல். அலறலை எப்போதும் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். அதற்குப் பிறகு தொண்டை வேறு எதற்கும் உதவாது.

ஆகையால், ஒலிப்பதிவு முடிந்து திரும்பிய மாலைகளில் அவள் வீட்டில் பேசியதே இல்லை. உப்பு வேண்டுமென்றால் விரல்களைத் தேய்த்துக் காட்டினாள்.

நல்ல குரல் பேய்களுக்குப் போயிற்று.

மிச்சம் அவருக்குக் கிடைத்தது.

அவள் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசிகள் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். முகத்துக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் எந்த ஆண்டில் நினைவிலிருந்து நழுவியது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு காலையில் தேடினார். இல்லை.

மற்றப் படங்களில் அவள் அலறியதோடு சரி. அலறலில் ஆளை அடையாளம் காண இயலாது. இந்த ஒரு படத்தில் மட்டுமே அவள் ஒரு சொல்லைப் பேசியிருந்தாள்.

தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட படச்சுருள் அண்மையில் எங்கோ கிடைத்தது; தூசு நீக்கிச் செப்பனிட்டார்கள். பழைய இந்திப் பேய்ப்படங்களின் வாரம் என்று சென்னையில் ஒரு திரையரங்கம் விளம்பரம் செய்தது. வாரம் நாளையோடு முடிகிறது.

காற்றின் ஓசை எழுந்தது. கதவு கிறீச்சிட்டது.

அவர் காதுக்கருவியின் ஒலியைக் கூட்டினார்.

எழுதப்பட்டிருந்த வசனத்தின்படி, பேய் கதாநாயகனின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். மனோகர். அவருடைய பெயரும் அதுவே. அன்று ஒலிவாங்கியின் முன் நின்ற கோமளா வாயை இறுக மூடிக்கொண்டாளாம். கணவன் பெயரை நான் சொல்ல மாட்டேன் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அறிவித்தாளாம். அரை மணி நேரம் வேலை நின்றது. இயக்குநர் கெஞ்சினார். இறுதியில் ஒலிப்பதிவாளர் சலித்துப்போய், வீட்டில் எப்படிக் கூப்பிடுவாயோ அப்படியே கூப்பிட்டுத் தொலை, எதிரொலியில் எவனுக்குத் தெரியப்போகிறது என்றாராம்.

எவனுக்கும் தெரியவில்லை.

பம்பாய்க் கொட்டகைகளில் மக்கள் அந்த அழைப்பைக் கேட்டு நடுங்கினார்கள்.

இது சென்னை.

மூன்று அழைப்புகளில் முதலாவது மிக மெல்லியது. இளம் காதுகள் அதனைப் பிடித்துக்கொண்டன. அவருடைய காதுக்கு அது எட்டவில்லை.

"டேய், பேய் 'என்னங்க'ங்குதுடா!"

அரங்கு வெடித்தது.

உரத்த அழைப்புகள் இரண்டும் அதன் பிறகே வந்தன. வந்திருக்க வேண்டும். கண்களைத் திறந்தபோது திரையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. காதுக்கருவி சிரிப்பை மட்டும் பன்மடங்காக்கி உள்ளே அனுப்பியது.

"யோவ், திரும்பிப் பாருய்யா! வீட்டம்மா கூப்பிடறாங்க!"

"கரண்ட் பில் கட்டலையாம்டா!"

விசில் பறந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோமளா இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள் என்று தோன்றியது. எப்படிச் சிரித்திருப்பாள் என்றுதான் தெரியவில்லை.

கதாநாயகன் மாளிகையை விட்டு ஓடினான். பேய் மறுபடியும் பேசவில்லை.

வெளியே வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. நுழைவுச்சீட்டு முகப்பில் இருந்த பெண் அப்போதுதான் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தில் கையை வைத்திருந்தாள்.

அவர் காத்திருந்தார். அவள் இடது கையால் கண்ணாடியைத் தட்டி, "சொல்லுங்க சார்" என்றாள்.

"இந்தப் படத்துக்கு, கூட்டமே இல்லாத ஷோ எதும்மா?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எல்லாரும் கூட்டத்தோட பாக்கணும்னுதான் சார் பேய்ப்படத்துக்கு வருவாங்க. நீங்க தனியா பாக்கணும்ங்கறீங்க. நல்ல தைரியம்தான்."

"இருக்கா?"

"நாளைக்குக் காலைல ஒன்பதரை. கடைசி ஷோ. இதுவரைக்கும் ஒருத்தர்கூட புக் பண்ணல."

"அதுல ஒண்ணு குடுங்க."

"ஒண்ணு குடுத்தா ஷோவையே கேன்சல் பண்ணிடுவாங்க சார். நாலு டிக்கெட்டாவது போயிருந்தாத்தான் படம் ஓட்டுவாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார்.

"அப்ப நாலு குடுங்க."

"இவ்வளவு நேரம் ஒண்ணுன்னீங்க!" அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கணினியின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஃபேமிலியோட வர்றீங்களா?"

"ஆமாம்மா."

திரையில் நூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகள் வெண்மையாக இருந்தன.

"நாலும் பக்கத்துப் பக்கத்துலதானே சார்? இல்ல, தள்ளித் தள்ளிப் போடட்டுமா?"

அதைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை.

"பக்கத்துலயே போடுங்க" என்றார்.