ஈரச் சாக்கு

ஒரு மணி நேரம் போராடித்தான் நாச்சிமுத்து தன் பழைய லாரியைக் கிளப்பினார். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அணைத்துவிட்டு, பானெட்டை ஈரச் சாக்கால் மூடி ஆறவைத்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் சாக்கை உருவி டிரைவர் சீட்டின் உறைக்குள் திணித்தார்.

வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ள வந்திருந்த பொங்கியண்ணன், முன்னமே சூடேற்றி வைத்த வண்டியா என்று பார்க்க, முதல் வேலையாக பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்றிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃபில் லாரி உறுமியது.

"பச்சைப்புள்ள மாதிரிங்க, சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் நாச்சிமுத்து.

வாசலில் பொங்கியண்ணனின் லாரி, வந்ததிலிருந்து அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அதையும் ஒருக்கா அணைச்சிட்டு எடுத்துப் பாக்கட்டுங்களா?"

"எதுக்குங்க சிரமம்? அது பாட்டுக்கு ஓடட்டும்."

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். அத்தனை சமதளம் இருக்க, லாரி இறக்கம் பார்த்து நின்றது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்; அதை எடுத்தால் செல்ஃப் இல்லாமலே உருண்டு கிளம்பிவிடும்.

"உங்க வண்டி எதுக்குங்க இறக்கத்துல நிக்குது?"

கீழே இறங்கிய பொங்கியண்ணன் வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சொட்டியது.

"உங்க சீட்டு எதுக்குங்க ஈரமா இருக்குது?"

இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டே இருந்தன. சாவியை முதலில் உருவிக் கொடுக்க இருவருக்குமே கை வரவில்லை.