ஆம்பளைத் துணை

“அண்ணி! பாம்பு! என் தலையணைக்குக் கீழ பாம்பு!”

ஃப்ரெடி கட்டில் மேல் நின்று கத்தினான். ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாக வந்தாள்.

கணவர் சூசைராஜின் முப்பதாம் நாள் பூசை முடிந்தும் கொழுந்தன் ஃப்ரெடி பெங்களூருக்குக் கிளம்பவில்லை. “ஆம்பளை இல்லாத வீட்ல அண்ணி எப்படித் தனியா இருப்பாங்க?” என்று சொல்லி, மனைவி ரெபேக்காவோடு இங்கேயே குடிவரத் தீர்மானித்திருந்தான். அண்ணனின் சாய்வு நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டாயிற்று. ஜெசிந்தாவை யாரும் கேட்கவில்லை.

தலையணையடியில் ஷூ லேஸ் கனத்தில் கறுப்பாக ஒன்று நெளிந்தது.

“வெறும் மண்புழுதான் அக்கா,” என்றாள் ரெபேக்கா, அறைக்கு வெளியே நின்றபடி.

“மண்புழுவுக்கு ஏதும்மா நாக்கு? பாரு, நீட்டுது.” ஜெசிந்தா குனிந்தாள். “உடம்புல வளையமும் இல்ல, செதில் மின்னுது. புழுப்பாம்பு. விஷம் கெடையாது, நம்மள கடிக்கவும் கடிக்காது. எறும்பு முட்டை, கரையான் தின்னுட்டு மண்ணுக்குள்ள கெடக்கும். உங்க அண்ணனுக்கு இதுன்னா ரொம்பப் புடிக்கும்.”

ஃப்ரெடி ஒரு காலைக் கீழே வைத்தான். “காதுக்குள்ள பூந்துடும்னு சொல்வாங்களே அண்ணி?”

“அதெல்லாம் சும்மா பேச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “எதுக்கும் பஞ்சு வெச்சிக்கினு படுங்க தம்பி.”

கால் மறுபடி மேலே போனது.

“ஒண்ணுதான கீது?”

“கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு. ஆனா இதுல ஆம்பளையே கெடையாது, எல்லாம் பொண்ணு. தனியாவே முட்டை போட்டு, தனியாவே வம்சம் வளர்க்கும். அந்த மெத்தைக்குள்ள இன்னா நடந்திருக்கோ, யாரு கண்டா?”

“ஆம்பளை இல்லாமயா?” என்று வாயைப் பிளந்தாள் ரெபேக்கா.

“நல்லாத்தாம்மா இருக்குதுங்க.”

ஃப்ரெடி காதைத் தேய்த்துக்கொண்டான். “ரெபேக்கா, பையை எடு.”

ஆட்டோவில் ஏறும்போது கேட்டான்: “தனியா பயமா இருக்காதா அண்ணி?”

“பழகிக்கணும் தம்பி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டோ முனை திரும்பியதும் சாய்வு நாற்காலியை ஜன்னலோரம், பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள். பிறகு புழுப்பாம்பை உள்ளங்கையில் ஏந்திப் போய், ரோஜாத் தொட்டியில் நேற்று தோண்டிய அதே குழியில் விட்டு மண்ணைத் தள்ளினாள்.

“போய் ரெஸ்ட் எடு. சனிக்கிழமை பெரிய நாத்தனார் பெட்டியோட வர்றாங்க. உனக்கு மறுபடி நைட் ஷிப்ட்.”