நாலு வருஷப் பச்சை

அந்தம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சுவர் டிவி முழுக்கச் சிவப்பு.

ஆஸ்பத்திரி இணையதளங்களில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ப்ளகின் என்ற குட்டி மென்பொருள்தான் அந்த ஆபீஸுக்குச் சோறு போடுவது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் தானாகவே அதை நாற்பது விதமாகச் சோதித்துப் பார்க்கும். சரியென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. நாலு வருஷமாகப் பச்சையை மட்டுமே பார்த்துப் பழகிய டீமுக்கு, இந்த மூன்று மாதச் சிவப்பு கண்ணை உறுத்தியது. சோதனைக்குப் பொறுப்பு அந்தம்மா. முதுகுக்குப் பின்னால் 'சிவப்பு மேடம்' என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சோதனை சரிதான், ப்ளகினில்தான் கோளாறு என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்க்க எட்டு வருஷம் வீட்டில் இருந்தவருக்குப் படித்ததெல்லாம் மறந்திருக்கும் என்று டீம் லீடர் மீட்டிங்கிலேயே பொரிந்து தள்ளினார். கணவருக்கு வேலை போய், அந்தம்மாவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வேலையை நிரந்தரமாக்க வேண்டாம் என்று லீடர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று வேலை நீக்கக் கடிதம் போக வேண்டும்.

மத்தியானம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் டிவியில் பச்சை வந்தாக வேண்டும் என்றார் மேனேஜர்.

லீடரே சோதனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சோதனைத் தளத்தை அழித்துப் புதிதாகப் போட்டார். ப்ளகினைக் கழற்றி மாட்டினார். சிவப்பு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தன் கையாலேயே பதிவு செய்து பார்த்தார். ஒரே டாக்டர், ஒரே நேரம், இரண்டு நோயாளிகளுக்குப் பதிவானது. கோளாறு நிஜம்தான்.

அப்படியென்றால் நாலு வருஷம் எப்படிப் பச்சையாக இருந்தது?

சோதனை நிரலின் பழைய கோப்பைத் திறந்தார். நடுவில் ஒரு வரி: தோற்றாலும் ஜெயித்ததாகக் காட்டு. அந்தம்மா வந்த முதல் நாளே அதை நீக்கியிருந்தார். எந்த வரியை யார் எழுதியது என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும். பார்த்தார்.

லீடரின் பெயரேதான். ஏதோ அவசரத்தில், இன்றைக்கு மட்டும் என்று போட்டது. எடுக்க மறந்தே போயிருந்தார்.

அந்தம்மாவைக் கூப்பிட்டார்.

"இதை யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே பாத்தேன் சார்."

"மீட்டிங்ல அவ்வளவு பேசினேனே, ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க தலை உருளும். கோளாறைச் சரி பண்ணிட்டா தானா பச்சை வந்துடும், அப்புறம் இந்த வரியை யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

லீடரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தம்மா நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் லீடர் அந்த வரியைத் திரும்பவும் எழுதினார். டிவி பளிச்சென்று பச்சையானது.

மேனேஜர் வந்து தோளைத் தட்டினார். "அனுபவம்னா இதுதான். அவங்க லெட்டரை என்ன பண்றது? பாவம், இன்னொரு வாய்ப்பு குடுத்துப் பாக்கலாமா?"

லீடர் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அனுப்பிடுங்க சார். அவங்க இருந்தா மறுபடியும் சிவப்புதான் வரும்."