தவளையே இல்லாத ஊர்

கிட்ட வந்து உக்காருங்க. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. சக்குபள்ளத்துக்காரங்க காதுல விழுந்தா எனக்குத்தான் வம்பு.

அங்க ஏலக்காட்டு ஓரமா கொஞ்சம் வீடுக. ஒரு வீட்டுக்கும் இன்னும் பட்டா வரலை. தவளையைப் பத்திப் படிக்கிற ஜெஸ்னான்னு ஒரு மலையாளத்துக் காலேஜ் பொண்ணு வருதுன்னு சேதி வந்ததுமே, ஊர்ப் பெரியவர் கபிரியேல் வீடு வீடாப் போயிட்டார்.

"யாராச்சும் தவளைன்னு வாயைத் தொறந்தீங்க, தொலைஞ்சோம். அபூர்வத் தவளைன்னு எழுதிட்டுப் போவாக. நாளைக்கு இது காடும்பாக. தவளைக்குப் பட்டா, நமக்கு டாட்டா!"

எல்லாரும் தலையாட்டினாங்க. எல்லாருக்கும் முந்தி ஆட்டினவ கோமதி. தவளை கத்துறதே அவ வீட்டுக்குப் பின்னால இருக்கிற மண்திட்டுலதான்.

ஜெஸ்னா வந்தா. சத்தம் பிடிக்கிற மிஷினோட கோமதி வீட்டு வாசல்லயே உக்காந்துட்டா.

"சேச்சி, இங்க தவளை உண்டா?"

"தவளையா? அது என்ன கலர்ல இருக்கும்?"

பொழுது சாயவும் திட்டுல இருந்து, 'டொக்... டொக்... டொக்...'

ஜெஸ்னா துள்ளி எழுந்தா. "அது என்ன?"

கபிரியேல் முகம் வெளிறிப்போச்சு. கோமதி அசரலை.

"எங்க வீட்டுக்காரர் குறட்டை."

வீட்டுக்காரர் பூபதி டீ கிளாஸோட பக்கத்துலயே நிக்கிறார்!

"இவர் முழிச்சுட்டுல்ல இருக்கார்?"

"கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குவாக. எஸ்டேட்ல பழகுனது."

பூபதி, பாவம், ஒரு குறட்டை விட்டுக் காட்டினார். டீ மூக்குல ஏறிருச்சு.

அந்த நேரம் பார்த்து ஏலச்செடிக்குள்ள இருந்து இன்னொண்ணு பதில் கொடுத்துச்சு.

"அப்ப அது?"

"அது அவுக தம்பி."

ஜெஸ்னா சிரிச்சுட்டா. தன் போன் நம்பரைக் கொடுத்து, "உலகத்துல வேற எங்கயும் இல்லாத குறட்டையா இருக்கும் சேச்சி. அடுத்த வாரம் எங்க சாரைக் கூட்டிட்டு வரேன். அழிஞ்சு போறதுக்குள்ள கணக்குல ஏத்தணும்"னு ஜீப் ஏறிட்டா.

ஜீப் வளைவு திரும்பினதும், கபிரியேல் ஏலச்செடிக்குப் போடுற சுண்ணாம்புத்தூளைச் சாக்கோட தூக்கிட்டு வந்தார்.

"திட்டு பூரா தூவு. ஒண்ணு உசுரோட இருக்கக்கூடாது."

"பாவம்ணே, வாயில்லாச் சீவன்"னு பூபதி முனகினார்.

"வாய் இருக்கப்போய்த்தான இந்தப் பாடு!"ன்னு கோமதி சீறினா. "தவளைக்குப் பாவம் பார்த்தா நம்ம பிள்ளைக எங்க போகும்? நீங்க போங்கண்ணே. நானே தூவுறேன்."

பூபதி அன்னிக்குச் சோத்தைத் தொடலை. "கல்நெஞ்சுக்காரி"ன்னுட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டார்.

விடிஞ்சதும் கபிரியேல் வந்து எட்டிப் பார்த்தார். திட்டு பூரா வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு. சத்தமே இல்லை.

"கெட்டிக்காரிம்மா நீ!"ன்னு மெச்சிட்டு, கீழ வளைவுல இருக்கிற தன் வீட்டுக்குப் போயிட்டார்.

செத்ததையாவது புதைப்போம்னு பூபதி மண்வெட்டியோட திட்டுக்கிட்டப் போனார். ஒண்ணும் செத்துக் கிடக்கலை. எறும்புதான் வரிசை கட்டி ஏறிட்டு இருந்துச்சு. சுண்ணாம்புல எறும்பா? அவர் குனியும்போதே இலைக்கு அடியில இருந்து ஒரு நாக்கு நீண்டு, ஒரு எறும்பைச் சுருட்டிட்டு உள்ள போச்சு.

பூபதி திரும்பிப் பார்த்தார். சுண்ணாம்பெல்லாம் அவங்க வீட்டு ஏலச்செடி அடியில பரவிக் கிடந்துச்சு. கோமதி தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டு விசும்பிட்டு இருந்தா.

"சாரை அலையவிடாதீங்க ஜெஸ்னாம்மா... கபிரியேலண்ணன் சுண்ணாம்பு கொடுத்தாரு... திட்டைப் போய்ப் பார்த்தா நெஞ்சு வெடிக்குது... இனி வந்து என்ன பிரயோசனம்?"

அழுதுகிட்டே, இடுப்புல இருந்த கிண்ணத்துல கையை விட்டு, இன்னும் ஒரு பிடி அரிசிமாவை அள்ளித் திட்டு மேல தூவினா.