அர்த்தம் சொன்ன மாப்பிள்ளை

“துரைமார் ஆடுற பாலே நடனம் எல்லாம் எனக்கு அத்துப்படி, மாமா” என்று ஆர்தர் அளந்ததுதான் வினையாகிவிட்டது. அவனுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த இராயப்பன், மகள் சவுந்தரத்தையும் அழைத்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்குப் போவதுபோல ஒரு மணி நேரம் முன்னதாகவே பினாங்கு நகர மண்டபத்தில் இடம் பிடித்துவிட்டார்.

மேடையில் ஒருத்தி உட்கார்ந்து தன் பாதத்தைத் தேய்த்தாள்.

“என்ன தம்பி அது?”

ஆர்தர் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: “மதலேன் மரியாள், மாமா. ஆண்டவர் பாதத்தைக் கழுவுறா.”

ஒருவன் இரு கைகளையும் அகல விரித்தான்.

“சிலுவையா?”

“அதேதான்!”

இராயப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவுந்தரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது வேறு ஆர்தரை நெளிய வைத்தது.

ஒரு வெள்ளைக்காரர் வந்து ஆங்கிலத்தில் மளமளவென்று ஏதோ சொன்னார். திரை இறங்கியது. ஆபீசில் ஆங்கிலக் கடிதங்களை அழகாக நகல் எடுக்கும் ஆர்தருக்கு, பேச்சில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

“முடிஞ்சிருச்சாம், மாமா. கிளம்பலாம்.”

“அப்படியாம்மா? கான்வென்ட்ல படிச்சவ, நீ சொல்லு.”

ஆர்தர் அவசரமாக எழுந்து நின்றான். சவுந்தரம் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமாப்பா, போவோம்.”

வாசலில் ஜனம் நெருக்கியடித்து உள்ளே வந்துகொண்டிருந்தது. “அடுத்த ஆட்டத்துக்கும் என்னா கூட்டம்லா!” என்று வியந்தபடி இராயப்பன் முன்னே நடந்தார்.

சவுந்தரம் ஆர்தரின் காதோரம் சொன்னாள்: “இவ்வளவு நேரமும் அவங்க சோம்பல் முறிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆட்டம் இனிமேதான். கல்யாணத்துக்கப்புறம் வருவோம். அப்ப அர்த்தம் நான் சொல்றேன்.”