எழுநூற்று ஒன்றாவது கொடி

தணிகாசலத்தின் தர்பூசணிக் கொல்லையில் எழுநூறு கொடிகள். ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு கிளிப். அதன் வழியாகக் கொடிகள், அவர் காதில் மாட்டியிருக்கும் கருவியில் குறை சொல்லும். இரண்டு இலை விட்ட நாற்றாக இருந்தபோதே, "தாகம்" என்று ஒன்று முனகினால் மனுஷர் சோற்றுக் கையோடு ஓடுவார். பூத்தபோது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட்டு, கல்யாணம் முடித்துவைத்த தரகர் மாதிரி பூரித்துப்போவார். வீட்டில் மனைவி பூங்காவனம் என்ன சொன்னாலும் பதில் "உம்" மட்டும்தான்.

பிஞ்சு பிடித்த வாரத்தில் ஒரு காலை, காதில் புதுக்குரல் ஒன்று கேட்டது: "எழுநூற்று ஒன்றாவது கொடி. மூன்று நாளாகச் சூடு தணியவில்லை."

குரல் காட்டிய வழியில் ஓடினால் வீடு வந்தது. கட்டிலில் பூங்காவனம் சுருண்டு கிடந்தாள். அவள் மணிக்கட்டில் ஒரு கிளிப்.

"இன்னாய்யா, இப்ப மட்டும் காது கேக்குதா? மூணு நாளா ஜொரம்னு வாயால சொன்னேன். அதான் நானும் ஒரு கொடின்னு பதிஞ்சுட்டேன்."

நெற்றி கொதித்தது. பதறியவர் பழக்கதோஷத்தில், "இதுக்கு இன்னா மருந்து அடிக்கணும்?" என்று கருவியிடம் கேட்டார்.

"மற்ற கொடிகளுக்குப் பரவும். உடனே பிடுங்கி எரித்துவிடவும்."

தணிகாசலம் அதை எதிர்த்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. "வாய மூடு! முப்பது வருசமா என்னையே தாங்கிக்கினு நிக்கிற கொடி, அத்தப் போயி புடுங்கச் சொல்றியா?"

அவளை அணைத்துத் தூக்கி, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் உட்காரவைத்தார்.

"முப்பத்திரண்டு" என்றாள் பூங்காவனம், அவர் முதுகில் சாய்ந்தபடி.