கோல்பிக்கும் பத்துக்குப் பத்து

“கோல்பிக்குப் பத்துக்குப் பத்து, எனக்கு நாலா? இதென்ன நியாயம், புரொஃபசர்?”

பிரிட்டா போட்ட கூச்சலில், ஹாக்லண்டின் அறைக்கு எதிரே காப்பி மெஷின் முன்னால் நின்ற நாலு பேரும் காப்பியை மறந்தார்கள். கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி மூன்றாம் ஆண்டில் முதல் மாணவி அவள். இந்த ஒரு விடையில் மார்க் போனால், ஆஸ்பத்திரி லேபில் பயிற்சிக்குச் சேரும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

“கத்தாதே. முதல்ல உக்காரும்மா.”

“உக்கார மாட்டேன்!”

கேள்வி இதுதான். நாற்பத்தொரு வயதுப் பெண், பெயர் கிடையாது. மூன்று தேதிகளில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள். இந்த எண்களை வைத்து நீ என்ன சொல்வாய்? வழக்கமாகப் பழைய புத்தகத்திலிருந்துதான் ஹாக்லண்ட் கேள்வி எடுப்பார். இந்த முறை கடைசித் தேதி, பிப்ரவரிப் பரீட்சைக்கு முந்தின நாள்.

பிரிட்டா பிசிறில்லாமல் எழுதியிருந்தாள்: கல்லீரல் போய்விட்டது, பின்னாலேயே சிறுநீரகமும் போகிறது, மிஞ்சினால் ஆறு வாரம். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். கோல்பி ஒருத்தன்தான், ‘டியூப் மாறிப்போச்சு. இது வேற யாரோட ரத்தமோ. மறுபடி எடுத்துப் பாருங்க’ என்று கிறுக்கிவிட்டு ஹாக்கி மேட்சுக்கு ஓடியவன்.

“முதல்ல டியூபைச் சந்தேகப்படு, அப்புறம் நோயாளியைப் பாருன்னு நான்தானே சொல்லித் தந்தேன்?” என்றார் ஹாக்லண்ட்.

“ஒரு தடவை மாறலாம். மூணு தடவையுமா மாறும்? ஒவ்வொரு தேதியிலும் படிப்படியா ஏறுது, பாருங்க! ஒரே ஆளோட ரத்தம்தான். முதல் வருஷப் பசங்ககூடச் சொல்லிடுவாங்க.”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேற மாதிரி யோசிக்க இதுல ஒண்ணுமே இல்லையா, பிரிட்டா? நல்லாத் தேடினியா?”

“தேடிட்டேன். இருந்தா நீங்களே காட்டுங்களேன்.”

ஹாக்லண்ட் சிவப்புப் பேனாவை எடுத்தார். நாலை அடித்துவிட்டுப் பத்து போட்டார். கோல்பியின் பத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

துறைக்கு அது போதாதா? கோல்பி அவர் வீட்டு வாசலில் பனி அள்ளுகிறான், இது அதற்குக் கூலி என்றார்கள். அவன் அப்பா பல்கலைக்கழகத்துக்குப் புதுக் கட்டடமே கட்டித் தரப்போகிறார் என்றும் ஒரு பேச்சு. அந்த அப்பாவோ பாவம், படகு பழுதுபார்ப்பவர். மார்ச் நடுவில் ஹாக்லண்ட் இரண்டு வாரம் லீவு போட்டபோது, மினசோட்டாக் குளிருக்குப் பயந்து புளோரிடாவில் வெயில் காய்கிறார் என்று கண்ணடித்துக்கொண்டார்கள்.

மே மாதம் எல்லோரும் கலைந்தார்கள். கோல்பி படிப்பைத் தலைமுழுகிவிட்டு, ஏரிக்கரையில் மீன் புகைபோட்டு விற்பவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். பிரிட்டாவுக்கு மில்வாக்கியில் இடம் கிடைத்தது. ஹாக்லண்டும் வேலையை உதறிவிட்டு, ஓரிகனில் இருக்கும் தங்கை வீட்டோடு போகிறார் என்று தெரிந்தது.

காரில் தனியாகப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவரைப் பிரிட்டா பிடித்துக்கொண்டாள்.

“சண்டைக்கு வரலை, புரொஃபசர். தெரிஞ்சுக்காமப் போனா எனக்கு மண்டை வெடிச்சிடும். அத்தனை அபத்தமா எழுதினவனுக்கு எப்படி முழு மார்க் போட்டீங்க?”

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“முப்பத்தோரு பேப்பர்ல, வீட்டுக்குப் போய் என் மனைவிக்கு வாசிச்சுக் காட்ட முடிஞ்சது அது ஒண்ணுதாம்மா.”